வார்டில் பலவித மனிதர்கள்: நர்ஸிங் பராமரிப்பில் சமூக உளவியலும் பண்பாட்டு வேறுபாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்ஸிங் படிக்கிறவர்களும், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆனவர்களும், வெளிநாடு போகத் தயாராகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உளவியலும் சமூகவியலும் படிப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் வார்டில் அவற்றின் தேவை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஊசி போடத் தெரிந்தால் போதாதா? சமூக உளவியல் எதற்கு?

யார் கூப்பிட்டால் உடனே எழுந்து போகிறோம், யாரைக் காத்திருக்கச் சொல்கிறோம், யார் வலிக்கிறது என்றால் நம்புகிறோம் என்பதையெல்லாம் எந்தச் செய்முறைப் பாடமும் தீர்மானிப்பதில்லை. சுற்றியிருக்கும் மனிதர்களும் சூழ்நிலையும் பழக்கமும் தீர்மானிக்கின்றன. அதை ஆராய்கிற துறைதான் சமூக உளவியல்.

ஒரு உதாரணம். சர்க்கரை நோயுள்ள ஒருவர் இன்சுலின் போடாமல் மறுபடியும் மறுபடியும் அட்மிட் ஆகிறார். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்று வார்டில் பேசிக்கொள்கிறோம். உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வருகிறது. அவர் கல்குவாரியில் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறவர். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாகி, மயங்கி விழுந்திருக்கிறார். வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது. அடுத்தவர் தவறும்போது அவருடைய குணத்தைக் குறை சொல்லி, சூழ்நிலையைக் கவனிக்காமல் விடுவதை 'அடிப்படைக் காரணப் பிழை' என்று 1977இல் பெயரிட்டவர் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். இந்தப் பிழை தெரிந்த நர்ஸ் "ஏன் போடல?" என்று அதட்ட மாட்டார். மண்பானையில் மருந்தை வைப்பது எப்படி, ஊசி நேரத்தை வேலைக்கு ஏற்ப மாற்ற டாக்டரிடம் பேசுவது எப்படி என்று ஆரம்பிப்பார்.

இன்னொன்றும் உண்டு. லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையை ஆராய்ந்து இசபெல் மென்ஸீஸ் 1960இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நர்ஸ்கள் நோயாளியைப் பெயர் சொல்லாமல் "பத்தாவது படுக்கை கல்லீரல்" என்பதுபோலக் குறிப்பிட்டதை அவர் கவனித்தார். அதை அவர் வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடவில்லை. வலி, சாவு, அழுகை என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் சுவர் அது என்றார். நம் வார்டுகளில் "பன்னெண்டாம் பெட்" என்று சொல்வதும் இதே சுவர்தான். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு பெயர், ஊர், சாமி, சாப்பாடு எல்லாம் இருக்கின்றன.

எல்லா நோயாளிகளையும் ஒரே மாதிரி நடத்துவதுதானே நியாயம்?

எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது சரி. எல்லோருக்கும் ஒரே செய்முறை என்பது சரியில்லை. கையால் சாப்பிடுகிறவருக்கு வலது கையில் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட்டால், அவர் மூன்று நாள் யாராவது ஊட்டிவிடுவதற்குக் காத்திருக்க வேண்டும். இடது கையில் நல்ல நரம்பு இருந்தால் அங்கே போடலாம். ஆனால் கழிவறைக்கு இடது கையைப் பயன்படுத்துகிறவர் அதற்கும் சங்கடப்படலாம் என்பதால், எந்தக் கை என்று கேட்டுவிட்டே போடுவது நல்லது.

ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்வதும் அப்படித்தான். சில பெண்களுக்கு அது நகையைக் கழற்றுவது மாதிரி. சிலருக்குக் கணவனின் உயிரோடு விளையாடுவது மாதிரி. உலோகம் இருக்கக் கூடாது என்ற காரணத்தை விளக்கி, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று பேசி முடிக்க அதிக நேரம் ஆகாது. சீக்கியர் ஒருவருக்கு அறுவைக்காக முடியை மழிக்கும் முன் தனியாக ஒப்புதல் வாங்குவது, யெகோவா சாட்சி என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் ரத்தம் ஏற்ற மறுத்தால் அதைச் சொல்லி அவர் வைத்திருக்கும் அட்டையைப் பார்த்து டாக்டருக்கு முன்கூட்டியே சொல்வது, நோன்பு இருக்கும் முஸ்லிம் நோயாளியின் மாத்திரை நேரத்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது எல்லாம் இதே வகை.

இந்தப் பேச்சில் நியூசிலாந்தை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

நோயாளியின் பண்பாட்டை மதிப்பதைச் சட்டத்திற்கும் பாடத்திட்டத்திற்கும் கொண்டுவந்த நாடு அது. கொண்டுவந்தவர்களும் நர்ஸ்கள்தான்.

நர்ஸ்களைச் சட்டப்படி பதிவு செய்ய உலகில் முதலில் தனிச்சட்டம் இயற்றிய நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. மண்ணின் மக்களான மாவோரிகளிலிருந்தும் சீக்கிரமே நர்ஸ்கள் வந்தார்கள். 1908இல் பதிவுபெற்ற ஆகெனெஹி ஹெய் மாவோரி கிராமங்களில் டைபாய்டு நோயாளிகளைக் கவனித்தவர். அதே நோயால் 1910இல் இறந்தார். அப்படி இருந்தும், மருத்துவமனைகள் வெள்ளையர் வீட்டுப் பழக்கத்தின்படியே நடந்தன. 1840இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் கையெழுத்திட்ட வைத்தாங்கி உடன்படிக்கை காகிதத்தில் இருந்தது. ஆனால் நிலம் போனது, மொழி நசிந்தது, உடல்நலத்திலும் மாவோரிகள் பின்தங்கினார்கள். மருத்துவமனைக்கு வரத் தயங்கி, நோய் முற்றிய பிறகு வந்தவர்கள் பலர்.

1988இல் கிரைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில், முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்று பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே? அந்தக் கேள்வியை எடுத்து ஒரு கோட்பாடாக வளர்த்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். 1992இல் நியூசிலாந்து நர்ஸிங் கவுன்சில் அதைப் படிப்பில் சேர்த்தது. எதிர்ப்பும் பலமாக வந்தது. "நர்ஸிங் சொல்லிக்கொடுங்கள், அரசியல் எதற்கு?" என்று 1993இல் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது, நாடாளுமன்றக் குழு வரை விஷயம் போனது. ராம்ஸ்டென் பின்வாங்கவில்லை. 2003இல் அவர் இறக்கும்போது அந்தக் கோட்பாடு நிலைத்துவிட்டது.

ராம்ஸ்டென் சொன்னதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது: நர்ஸ் முதலில் படிக்க வேண்டியது நோயாளியின் பண்பாட்டை அல்ல, தன்னுடையதை. நான் எங்கிருந்து வருகிறேன், எதைச் சுத்தம் என்கிறேன், யாரைக் கண்டால் முகம் சுளிக்கிறேன், என் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? இரண்டாவது: பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்ட நோயாளி. நர்ஸ் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. இதில் 'பண்பாடு' என்பது இனத்தை மட்டும் குறிப்பதல்ல. வயது, பாலினம், வறுமை, மதம், உடல் ஊனம், பாலியல் சார்பு எல்லாமே அதற்குள் வரும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. தலையைத் தொடும் முன் கேட்பார்கள். தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு வைக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பெட்பேன் (படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரம்) வைப்பது பெரிய அவமரியாதை. நோயாளியின் குடும்பம் பக்கத்தில் இருப்பதற்கு இடம் கொடுப்பார்கள். பிரசவத்திற்குப் பிறகு நஞ்சுக்கொடியைக் குடும்பத்திடமே கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதைத் தங்கள் மண்ணில் புதைப்பார்கள். படிக்கும்போது நமக்கும் இதில் பல அந்நியமாகத் தோன்றாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பெட்பேனை வைத்தால் நம் பாட்டிகளும் அன்று சாப்பிட மாட்டார்கள்.

லைனிங்கர் பற்றித் தேர்வில் கேட்கிறார்கள். சுருக்கமாக?

மேட்லின் லைனிங்கர் (1925–2012) அமெரிக்க நர்ஸ், மானிடவியலாளரும்கூட. பப்புவா நியூகினியில் கட்சப் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். பண்பாடுகளுக்கிடையிலான நர்ஸிங் என்ற துறையையே உருவாக்கியவர். நோயாளியின் பழக்கத்தை நர்ஸ் மூன்று விதமாகக் கையாளலாம் என்றார்: அப்படியே காப்பது, பேசி ஏற்பது, மாற்றியமைப்பது.

நம் பிரசவ வார்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தால் விட்டுவிடலாம், காப்பது இது. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சாப்பாடு என்றால் பூண்டு, கருவாடு, பால் சுறா எல்லாம் நல்லதுதான். தண்ணீர் குடிக்காதே, காய் சாப்பிடாதே என்பதில் மட்டும் மாமியாரோடு உட்கார்ந்து பேசி, வெந்நீராவது நிறையக் கொடுக்க வைக்கலாம். இது பேசி ஏற்பது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, உரை மருந்து புகட்டுவது, தொப்புளில் எதையாவது தடவுவது ஆகியவற்றை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் சேனை வைக்க வந்த பெரியவரை அவமானப்படுத்தி அனுப்பாமல், குழந்தையின் கையைத் தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்லலாம். அவருக்கு வேண்டியது அந்த உறவும் மரியாதையும்தான். சர்க்கரைத் தண்ணீர் அதற்கு ஒரு சாக்கு.

ஒவ்வொரு மதம், நாடு, சாதிக்கும் ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் போதுமா?

இங்கேதான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். மெலனி டெர்வலோன், ஜேன் மரே கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. ஆபரேஷன் முடிந்து சில மணி நேரமே ஆன லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் முனகிக்கொண்டிருக்கிறார். கவனித்துக்கொள்பவர் ஒரு கறுப்பின நர்ஸ். அங்கே வந்த லத்தீன் மருத்துவர், "இவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே" என்கிறார். நர்ஸ் அதை ஒதுக்கித் தள்ளுகிறார். காரணம், பல்பண்பாட்டு மருத்துவம் பற்றி அவர் ஒரு வகுப்பில் படித்திருக்கிறார். இந்த மக்கள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்பது தனக்குத் தெரியுமாம்!

படித்த பாடமே அந்தப் பெண்ணின் வலியைக் கேட்கவிடாமல் காதை அடைத்துவிட்டது. அந்த இரு மருத்துவர்களும் பண்பாட்டுத் திறமையைவிடப் பண்பாட்டுப் பணிவு முக்கியம் என்று சொன்னது இதனால்தான். பணிவு என்றால் குனிந்து நிற்பதல்ல. எனக்கு முன்னால் இருப்பவரைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியாது என்று ஒப்புக்கொள்வது.

இதற்கு முன்னோடியான ஓர் ஆய்வும் இரண்டு பக்கமும் கூரான கத்திதான். 1952இல் மார்க் ஸ்பரோவ்ஸ்கி நியூயார்க்கில் யூத, இத்தாலிய, ஐரிஷ் மற்றும் பழைய அமெரிக்கக் குடும்ப நோயாளிகள் வலியை எப்படி வெளிப்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். யூதர்களும் இத்தாலியர்களும் வெளிப்படையாக அழுதார்கள். ஆனால் காரணம் வேறு வேறு. இத்தாலியருக்கு இந்த நிமிட வலி தீர வேண்டும். யூதருக்கோ இந்த வலியால் நாளை என்ன ஆகுமோ என்ற கவலை. மருந்து கொடுத்த பிறகும் அது போகவில்லை. ஒரே அழுகைக்குப் பின்னால் இரண்டு மனங்கள் இருப்பதைக் காட்டியது அந்த ஆய்வின் பலம். "இத்தாலியர் என்றால் இப்படி" என்று அதை வாய்ப்பாடாக்கியது பின்னால் வந்தவர்கள் செய்த கேடு.

என் கருத்து இது: பட்டியல் கேள்வி கேட்பதற்கு உதவட்டும், பதிலை நோயாளி சொல்லட்டும். முஸ்லிம் பெயர் என்பதற்காகக் கேட்காமலே ஹலால் சாப்பாடு எழுதுவதும், பிராமணர் என்று ஊகித்து முட்டையை நிறுத்துவதும் அக்கறை மாதிரித் தெரியும், ஆனால் அங்கே மனிதரைக் கேட்கவில்லை.

வலியை மதிப்பிடுவதில் பாகுபாடு உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள்; அவர்கள் பரிந்துரைத்த சிகிச்சையும் சரியாக இல்லை. இவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. தங்களுக்குள் இப்படி ஒரு நம்பிக்கை இருப்பதே தெரியாதவர்கள்.

நம் ஊரில் இதற்கு இணையானது பிரசவ அறை. "அப்பத் தெரியலையா, இப்பக் கத்துறே?" என்ற வசவைக் கேட்காத பிரசவ அறை குறைவு. ஏழைப் பெண்ணென்றால், அதுவும் மூன்றாவது பிரசவமென்றால், வசவு இன்னும் கூடும். பிரசவத்தின்போது பெண்களை இழிவாக நடத்துவதை உரிமை மீறல் என்றே உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்தது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்றால் திட்டுவதற்கு நாக்கு எழாது. மனம் திருந்தும்வரை காத்திருக்காமல் சூழ்நிலையை மாற்றுவது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள்.

கருவியும் பாரபட்சம் காட்டும். 2020இல் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், விரலில் மாட்டி ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல அளவு காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கறுத்த தோலுள்ள நம் மக்களுக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கைதான். எண் 94 என்று காட்டினாலும், நோயாளி மூச்சுக்குத் திணறினால் நோயாளியை நம்புங்கள். பாடநூல் படங்களில் 'சிவந்துபோதல்', 'நீலம் பாய்தல்' எல்லாம் வெளுத்த தோலில்தான் காட்டப்பட்டிருக்கும். நம்மவர்களுக்கு நாக்கு, ஈறு, இமையின் உட்பக்கம், உள்ளங்கை ஆகியவற்றைப் பாருங்கள். படுக்கைப் புண் ஆரம்பிக்கிறதா என்று தெரிய, அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

சரி, நோயாளியிடம் எப்படிக் கேட்பது? நேரடியாகக் கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்களா?

"உங்க கலாச்சாரம் என்ன?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் 1978இல் கொடுத்த கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றை வார்டுத் தமிழில் இப்படிக் கேட்கலாம்:

"இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க? ஏன் இப்ப வந்துச்சு? உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு தோணுது? எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு? இதால வீட்டுல, வேலையில என்ன கஷ்டம் வந்துச்சு? என்ன வைத்தியம் பார்த்தா சரியாகும்னு நினைக்கிறீங்க?"

இதற்கு முன்னாலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "கோயில், தர்கா, நாட்டு மருந்துன்னு எங்க போயிருந்தாலும் சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன்." இந்த வரி இல்லாவிட்டால், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்ததையோ பெயர் தெரியாத பொடி சாப்பிட்டதையோ யாரும் சொல்ல மாட்டார்கள். மனவேதனையை உடம்பின் மொழியில் சொல்கிறவர்களும் நம்மில் அதிகம். உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, தலை பாரம் என்று வருகிறவரிடம் எல்லா டெஸ்டும் நார்மல் என்று அனுப்பிவிடுவதற்கு முன் "வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

நோயாளியின் மொழி எனக்குத் தெரியாவிட்டால்?

வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். திருப்பூரிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இலண்டனில் வேலை செய்யும் தமிழ் நர்ஸுக்குச் சோமாலி பேசும் பாட்டி நோயாளியாக வரலாம். எங்கும் அடிப்படை ஒன்றுதான்: யார் மொழிபெயர்க்கிறார் என்று முதலில் பாருங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டு வந்த தொழிலாளிக்குக் காண்ட்ராக்டரோ மேஸ்திரியோ மொழிபெயர்த்தால், "எப்படி விழுந்தார்?" என்ற கேள்விக்கு உண்மை வராது. சாரத்திலிருந்து விழுந்தது 'ரூமில் வழுக்கி விழுந்தது' ஆகிவிடும். அதனால் கேஸ் ஷீட்டும் தவறாகும், இழப்பீடும் போகும், எத்தனை அடி உயரம் என்று தெரியாமல் உள்காயமும் தவறிப்போகும். கணவன் மொழிபெயர்த்தால் அடித்தது வெளிவராது. பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்தால் அம்மாவின் ரத்தப்போக்கு பற்றியோ புற்றுநோய் பற்றியோ அந்தப் பிள்ளைதான் முதலில் கேட்க வேண்டும். அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர், போன் வழி மொழிபெயர்ப்பு, அதுவும் இல்லையென்றால் அந்த மொழி தெரிந்த வேறொரு ஊழியர் என்று தேடுங்கள். பேசும்போது முகம் மொழிபெயர்ப்பாளரை அல்ல, நோயாளியைப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் வார்டுகளில் சட்டை மடிப்புக் கலையாத நோயாளிக்கு "வாங்க சார், உட்காருங்க." வடக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்கு "ஏய், இங்க வா." அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியும்.

"சரி சிஸ்டர்" என்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போய் மாற்றிச் செய்கிறார்கள். ஏன்?

அந்த "சரி" பலநேரம் மரியாதை. புரிந்ததற்கு அடையாளம் இல்லை. படித்தவரை எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "வீட்டுல போய் அக்காவுக்கு எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நாம் சம்மதத்திற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அங்கே பலருக்கு மறுப்பாகத் தெரியும். ஒப்புதல் வாங்கும் இடத்தில் வாயால் சொல்லுங்கள், சொல்ல வையுங்கள்.

டாக்டர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தோம். வெளிநாட்டில் கேள்வி கேட்கச் சொல்கிறார்களே?

1966இல் சார்லஸ் ஹோப்ளிங் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் நடத்திய சோதனையைப் படியுங்கள். முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' போன் செய்து, அஸ்ட்ரோடென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். பாட்டிலில் அதிகபட்சம் 10 என்று எழுதியிருக்கிறது. போனில் ஆர்டர் வாங்குவதே விதிக்கு எதிரானது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் போனார்கள், சோதனை நடத்தியவர்கள் அவர்களை வழியில் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் இதைக் கதையாகச் சொல்லிக் கேட்டபோது பெரும்பாலான நர்ஸ்கள் தாங்கள் கொடுக்க மாட்டோம் என்றுதான் சொன்னார்கள்.

1977இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் ஒரு மாற்றத்தோடு இதைச் செய்து பார்த்தார்கள். மருந்து எல்லோருக்கும் தெரிந்த வேலியம். சக நர்ஸிடம் பேசிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. இந்த முறை 18 பேரில் இரண்டு பேர்தான் கீழ்ப்படிந்தார்கள். ஆக, தைரியம் பிறவிக் குணம் என்று நினைக்க வேண்டாம். மருந்தைப் பற்றிய அறிவும் பக்கத்தில் ஒரு தோழியும் இருந்தால் அது வருகிறது. மரியாதை குறையாமல் கேட்கவும் முடியும்: "டாக்டர், பாட்டில்ல பத்துன்னு போட்டிருக்கு. ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?"

"புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று குடும்பம் கேட்டால்?

கோபப்பட வேண்டாம். குடும்பமே முடிவெடுக்கும் பழக்கத்தில் அது அன்பின் வடிவம். ஆனால் உடம்பு அப்பாவுடையது. பொய் சொல்ல நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தை மீறி வார்டு நடுவில் போட்டு உடைக்கவும் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள், அப்பாவிடம் தனியாகக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள்: "ரிப்போர்ட் விவரத்தை உங்ககிட்டச் சொல்லணுமா, பையன்கிட்டச் சொன்னாப் போதுமா?" பையனிடம் சொல்லுங்கள் என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். பெரும்பாலான அப்பாக்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள்.

திருநங்கை நோயாளி, எச்.ஐ.வி. நோயாளி – தனியாக ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன்பின் நோயைவிட வேகமாக ஒதுக்குதல் பரவியது. கெட்டவருக்குத்தான் கெட்டது நடக்கும் என்று நம்ப மனம் ஆசைப்படும். அப்படி நம்பினால் நமக்கு நடக்காது என்ற ஆறுதல் கிடைக்கிறது. படுக்கையில் தனி அடையாளம் ஒட்டுவதும் சாதாரண வேலைக்கும் இரண்டு கையுறை போடுவதும் அந்த ஆறுதலுக்காகத்தான். பாதுகாப்பு நடைமுறை எல்லா நோயாளிக்கும் ஒன்றே. 2017இன் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது.

திருநங்கை என்றால் அவர் சொல்லும் பெயரில் கூப்பிடுங்கள். எந்த வார்டு வசதி என்று அவரிடமே கேளுங்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடம் ஆபரேஷன் பற்றி விசாரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைந்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பாலினத்தை அங்கீகரித்தது. வார்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு நர்ஸ்கள் கூடிப் பேசுவது இன்னும் நிற்கவில்லை என்பது வேதனை.

சாதி, நிறம், மொழி பார்த்து நோயாளி நம்மை மறுத்தால்?

முதலில் உயிருக்கு ஆபத்தா என்று பாருங்கள். இருந்தால் சிகிச்சை நிற்கக் கூடாது. இல்லையென்றால், ஒரு பெண் நோயாளி பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்பதையும், "இந்தச் சாதிக்காரி தொடக் கூடாது" என்பதையும் ஒன்றாக வைக்காதீர்கள். முதலாவது கூச்சம், அதற்கு முடிந்தவரை இடம் கொடுக்கலாம். இரண்டாவது இழிவு, அதற்கு நர்ஸை மாற்றிக் கொடுப்பது நிர்வாகம் செய்யும் தவறு. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2020 ஏப்ரல் முதல், ஊழியரை இனவெறியோடு பேசுபவருக்கு அவசரமில்லாத சிகிச்சையை மறுக்கலாம் என்று அறிவித்தது. நீங்கள் தனியாகத் தாங்கிக்கொள்ள வேண்டாம். பொறுப்பு நர்ஸிடம் சொல்லி எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

நமக்குள் இருக்கும் முன்தீர்ப்பு குறைய வழி உண்டா?

கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் சொன்ன வழி ஒன்று உண்டு. இரு தரப்பும் சமமான நிலையில், ஒரே நோக்கத்திற்காக, ஒத்துழைத்து வேலை செய்து, மேலிடமும் அதை ஆதரித்தால் முன்தீர்ப்பு குறையும். சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது. ஒரே வார்டில் வேலை செய்தும் துப்புரவுப் பணியாளரோடு ஒரு டீ குடிக்காதவர்கள் இருக்கிறார்கள்; அது சமநிலைத் தொடர்பே இல்லை. நோயாளி பாதுகாப்புக் கூட்டத்தில் அவரையும் உட்கார வைத்து, வார்டில் தொற்று எங்கிருந்து பரவுகிறது என்று கேட்டுப் பாருங்கள், நமக்குத் தெரியாத பல விஷயம் அவருக்குத் தெரியும்.

ஷிப்ட் ஒப்படைக்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது, எழுதுவது?

1972இல் பிரிட்டனில் பெலிசிட்டி ஸ்டாக்வெல் நடத்திய ஆய்வு, நர்ஸ்களுக்குப் பிடிக்காத நோயாளிகள் யார் என்று பார்த்தது. வெளிநாட்டவர், நீண்ட நாள் தங்குகிறவர், மனநோய் உள்ளவர் போன்றவர்கள் அதில் வந்தார்கள். இந்த வெறுப்பு ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குக் கைமாறுவது பெரும்பாலும் ஒப்படைப்பின்போதுதான். "ஏழாம் பெட் ரொம்பத் தொல்லை" என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்து வருபவர் அந்த அம்மாவின் பெல்லுக்கு மெதுவாகத்தான் போவார்.

அதனால் குணத்தை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்பதற்குப் பதில் "இரவு 10 மணி மாத்திரையை மறுத்தார், வெள்ளிக்கிழமை விரதம், விடிந்து குளித்தபின் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பணி மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது." அதோடு மூன்று விஷயங்களைச் சேருங்கள்: எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும், எந்த மொழியில் யார் மூலம் பேசினீர்கள், சாப்பாட்டிலும் உடம்பைத் தொடுவதிலும் அவரே சொன்ன விருப்பம் என்ன. நீங்கள் ஊகித்ததை எழுத வேண்டாம்.